காலையில் நடந்தவர் மாலையில் ஏன் படுத்துவிட்டார்? தூத்துக்குடி மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



தசைச்சிதைவு, மயஸ்தீனியா, கில்லன்-பாரே போன்ற நரம்பு-தசை நோய்களோடு தூத்துக்குடி மாநகரிலும் வேம்பார் முதல் மணப்பாடு வரையுள்ள கடற்கரை ஊர்களிலும் வாழ்பவர்களும் எங்கள் வீட்டாரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். பணம் கேட்கவில்லை. எங்கள் களைப்பை நம்புங்கள் என்று கேட்கிறோம்.

"காலைல நல்லாத்தானல இருந்த, இப்ப என்ன நடிப்பு?" இதைக் கேட்டுக் குன்றிப்போகாதவர் எங்களில் குறைவு. மயஸ்தீனியாவில், நரம்பின் கட்டளையைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. ஓய்ந்திருந்த தசை முதலில் வேலை செய்யும். செய்யச் செய்யத் துவளும். காலையில் தெளிவாகப் பேசியவருக்கு மாலையில் நாக்குக் குழறும், இமை தொங்கும். வெயில் அதை இன்னும் கூட்டும். உப்பளத்து மதிய வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தசைச்சிதைவில் காரணம் வேறு: மிச்சமிருக்கும் கொஞ்சத் தசைதான் முழு உடம்பையும் தாங்குகிறது. ஒரு நல்ல தூக்கம் போட்டால் தீர்கிற அசதி அல்ல இது.

முத்துக்குளித்த ஊருக்கு இதை விளக்குவது எளிது என்று நினைக்கிறோம். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு இல்லை என்றாலும் அந்த முறை மறந்துவிடவில்லை. ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் படகில் இளைப்பாறுவார். அப்படி உட்கார்ந்திருந்தவரை யாரும் சோம்பேறி என்றதில்லை. அடுத்த முழுக்குக்கு அந்த ஓய்வு வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கும் அதே நியாயம்தான்.

வீட்டில் இருப்பவர்களே, குளியல், சமையல், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் ஒரே காலையில் திணிக்காதீர்கள். உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல் போடுங்கள். துவண்டு விழுந்தபின் அல்ல, அதற்கு முன்பே ஓய்வு வேண்டும். "எடை தூக்கினால் தெம்பு வரும்" என்று தசைச்சிதைவு உள்ள பிள்ளையை வருத்தாதீர்கள். அது இருக்கும் தசையையும் கெடுக்கக்கூடும். அதற்காகக் கட்டிலோடு முடக்கிவிடவும் வேண்டாம். முகம்-தோள் தசைச்சிதைவு உள்ளவர்களிடம் நெதர்லாந்தில் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவின்படி, அளவான சைக்கிள் பயிற்சியும் மனநலப் பயிற்சியும் தனித்தனியாகவே களைப்பைக் குறைத்தன. அந்த அளவைப் பிசியோதெரபிஸ்ட் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது; கேட்டுப் பெறுங்கள்.

எழுந்ததும் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம் என்றால் அலட்சியம் கூடாது. மூச்சுத் தசை தளர்ந்து, இரவில் கரியமில வாயு உடலில் தேங்குவதன் அடையாளமாக இருக்கலாம். முகமூடி வழியே காற்றை அழுத்தித் தரும் பைபேப் கருவி பலருக்குப் பகல் களைப்பையே மாற்றியிருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் தூக்க மாத்திரையோ வெறும் ஆக்சிஜனோ கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள், அவை சரிசெய்யக்கூடியவை.

மெடிக்கல் ஷாப் நடத்தும் அண்ணாச்சிமாரே, சீட்டில்லாமல் வயிற்றுப்போக்குக்கு சிப்ரோஃப்ளாக்சசின், இருமலுக்கு அசித்ரோமைசின் என்று எடுத்துக் கொடுக்கும் வழக்கத்தை விடுங்கள். மயஸ்தீனியா உள்ளவருக்கு இவை தசைத் தளர்ச்சியைக் கூட்டி மூச்சுத் திணறல்வரை கொண்டுபோய்விடலாம்.

அதிகாரிகளுக்கு ஒரு சொல். தசைச்சிதைவை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒரு குறைபாடாக ஏற்றிருக்கிறது. மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் பொருள் வாசலுக்கு வருகிறது. நன்றி. ஆனால் சான்றிதழ் முகாமில் காலை பத்து மணிக்கு அளக்கும் வலிமை அந்த நேரத்து வலிமை மட்டுமே. மாலையில் அந்தக் கை எவ்வளவு எழும் என்றும் கேளுங்கள். எந்த வரிசையிலும் எங்களுக்கு ஒரு நாற்காலி போடுங்கள், ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாக் கூட்டம் உட்பட.

கடைசியாக மழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதையும் அதன்பின் கரண்ட் இல்லாமல் கிடந்ததையும் நாம் யாரும் மறக்கவில்லை. மூச்சுக் கருவி மின்சாரத்தில்தான் ஓடும். படியேற முடியாதவரால் தானாக மாடிக்குப் போக முடியாது. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் எந்த வீட்டில் இருக்கிறார், தண்ணீர் வந்தால் அவரைத் தூக்கிச் செல்லும் நான்கு பேர் யார், ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ எந்த வீட்டில் உண்டு என்பதை ஐப்பசி மழைக்கு முன்பே பேசி முடிவு செய்து வையுங்கள்.