ஏழைச் சிறுவனும் பொற்கோடரியும்

குழந்தைகளுக்கென வெளிவரும் படநூல்களுள் நேர்மையைப் போதிப்பவை தனியொரு வகையாகவே வளர்ந்துள்ளன. அவற்றின் கதைப்போக்குப் பெரிதும் மாறுவதில்லை. வறிய குடும்பம், நோயுற்ற தாய் அல்லது தொழிலிழந்த தந்தை, தெருவோரத்திலே கிடக்கும் பணப்பை, சிறுவனின் மனப்போராட்டம், பணப்பை உரியவரிடம் சேர்தல், இறுதிப் பக்கத்திலே வெகுமதி. பெற்றோர் இவற்றை விரும்பி வாங்குகின்றனர்; பாடசாலைகள் பரிசளிப்பு விழாக்களில் வழங்குகின்றன. இவை நல்ல நூல்கள்தாமா என்னும் வினா எழுவதேயில்லை. நேர்மை நல்லதாகையால் நேர்மையைப் போதிக்கும் நூலும் நல்லதே என்ற எளிய முடிபு அவ்வினாவுக்கு இடமளியாது நிற்கின்றது. அம்முடிபே ஈண்டு மறுக்கப்படுகின்றது.

ஈசாப்பின் பெயரால் வழங்கும் விறகுவெட்டியின் கதையைத் தமிழ்ச் சிறுவர் அனைவரும் அறிவர். கிரேக்கக் கதையிற் கடவுளாக வந்தவர் தமிழிலே வனதேவதையானார், பிறவெல்லாம் ஒன்றே. இரும்புக் கோடரி ஆற்றில் வீழ்கின்றது. பொற்கோடரியும் வெள்ளிக் கோடரியும் காட்டப்பட, அவை தன்னுடையவையல்ல என்கிறான் விறகுவெட்டி. மூன்றும் அவனுக்கே கிடைக்கின்றன. எத்தனையோ ஓவியர் அப்பொற்கோடரியின் பளபளப்பை வரைந்துள்ளனர். கோடரியை இழந்தவனின் வீட்டில் அன்று உலை வைக்கப்பட்டதா என்பதை வரைய எவருக்கும் தோன்றவில்லை. கூலிக்காரன் தன் கருவியை இழப்பது பிழைப்பையே இழப்பதாகும். கதை அதனை ஒரு வாக்கியத்திற் கடந்துவிடுகின்றது. அதற்குத் தேவைப்படுவது அவனது இல்லாமை மட்டுமே. ஏனெனில் இல்லாதவனைத்தானே சோதிக்க முடியும்!

இதிலே இரட்டைத் தீங்குண்டு. நேர்மையைப் பொன்விலைக்கு விற்கும் வாணிபம் ஒன்று. மற்றது அதனிலும் கொடியது. கண்டெடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்த ஓர் ஏழைக் குழந்தைக்கு எந்தத் தேவதையும் எதிர்ப்படுவதில்லை. சில வேளைகளில் நன்றி கூடக் கிடைப்பதில்லை. அக்குழந்தை என்ன முடிவுக்கு வரும்? பொய் சொல்லாதே என்று கற்பித்த நூலே பொய் சொல்லிற்று என்ற முடிவுக்கு வரும்.

இம்மரபின் வரலாறும் மனங்கொள்ளத்தக்கது. பிரெஞ்சுப் புரட்சியின் அதிர்வு இங்கிலாந்தை எட்டியிருந்த காலத்தில், உணவுத் தட்டுப்பாடும் கலகங்களும் மிகுந்த 1795ஆம் ஆண்டில், ஹனா மோர் என்னும் பெண்மணி மலிவுவிலைத் துண்டுப்பிரசுரங்களை வெளியிடத் தொடங்கினார். மரச்செதுக்குப் படங்களுடன் வெளிவந்த அவை ஓராண்டளவில் இருபது இலட்சம் பிரதிகள் பரவின. செல்வர்கள் அவற்றைக் கட்டுக்கட்டாக வாங்கி ஏழைகளிடையே விநியோகித்தனர். உழைப்பு, அடக்கம், நேர்மை, உள்ளதிலே திருப்தி என்பனவே அவற்றின் பொருள். பாணுக்காகக் கலகஞ் செய்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது பாண் அன்று. களவாடாதே என்ற கதையாகும். யாழ்ப்பாணத்திலே 1816இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமாரும் துண்டுப்பிரசுரத்தைக் கையாண்டனர். அவர்களை எதிர்த்தெழுந்த ஆறுமுக நாவலர் அதே அச்சியந்திரத்தைக் கொண்டே பாலபாடங்களை அளித்தார். நாவலரின் உரைநடைக்குத் தமிழ் பட்டுள்ள கடன் பெரிது. அதனை ஈண்டு எவரும் மறுக்கவில்லை. ஆயினும், சமயத்தில் எதிரெதிர் நின்ற இரு சாராரும் குழந்தைக்கு அறமுரைக்கும் முறையிற் பெரிதும் வேறுபட்டிலர். இருவரும் மேலிருந்தே உரைத்தனர்.

இவ்வகை நூல்கள் யாவும் ஒதுக்கத்தக்கன என்பது பொருளன்று. அமெரிக்காவில் 2016இல் வெளிவந்த ஒரு படநூல் வேறுவிதமாகவும் எழுதலாம் என்பதைக் காட்டுகின்றது. மாரிபெத் போல்ற்ஸ் எழுதி நோவா ஜோன்ஸ் படம் வரைந்த அந்நூலில், ரூபன் என்னும் சிறுவன் நண்பன் சேர்ஜியோவினுடையதைப் போன்ற துவிச்சக்கரவண்டிக்கு ஏங்குகின்றான். கடையிலே ஒரு பெண்மணி தவறவிட்ட தாளை ஒரு டொலர் என்றெண்ணி எடுக்கின்றான். வீட்டிலே பார்த்தால் அது நூறு டொலர். தாயின் கடைச்சாமான் பட்டியலிலோ பணம் போதாமையாற் சில பொருள்கள் கோடிட்டு வெட்டப்பட்டுள்ளன. பின்னர் அத்தாளைத் தானே தொலைத்துவிட்டதாக எண்ணி அவன் கலங்குகின்றான். இழந்தவரின் வலி அப்போதுதான் அவனுக்கு விளங்குகின்றது. தேடிச்சென்று கொடுத்துவிடுகின்றான். துவிச்சக்கரவண்டி கிடைக்கவில்லை. நிறைவும் வெறுமையும் கலந்த மனத்துடன் அவன் நிற்பதாகவே கதை அமைகின்றது.

அவ்வெட்டப்பட்ட பட்டியலே அந்நூலின் உயிர். வறுமை அங்கே கிழிந்த சட்டையாக, அலங்காரமாக வரவில்லை, கணக்காக வருகின்றது. நேர்மைக்கு ஒரு குடும்பம் கொடுக்கும் விலை என்னவென்பதை நூல் மறைக்கவில்லை. எனினும் அதுவும் ஓரெல்லையில் நின்றுவிடுகின்றது. பட்டியல் ஏன் வெட்டப்பட்டது, தாயும் தந்தையும் உழைத்தும் ஏன் போதவில்லை என்று அது கேட்பதில்லை. குற்றவாளிக் கூண்டிலே ஈண்டும் சிறுவன் தனித்தே நிற்கின்றான்.

சமுதாயத்தின் சுமையைக் குழந்தையின் தலையில் ஏற்றலாமா என வினவுவோர் உளர். அவர்கள் 2022ஆம் ஆண்டை எண்ணிப் பார்ப்பது நன்று. இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அவ்வாண்டு ஏப்பிரலில் அறிவித்தது. செப்ரெம்பரிற் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ எழுபது வீதத்தை எட்டியது. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல்மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் பெற்றோருடன் வரிசையில் நின்ற குழந்தைக்குச் சுமையை எவரும் புதிதாக ஏற்ற வேண்டியதில்லை. அந்நெருக்கடிக்கு இட்டுச்சென்ற செயல்களால் முன்னாள் சனாதிபதியர் இருவர் உள்ளிட்ட சிலர் பொதுமக்கள் நம்பிக்கையை மீறினர் என உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. இது நேர்மை பற்றிய செய்தியன்றோ? ஆயினும் நம் படநூல்களிலே கண்டெடுத்த பணப்பையைத் திருப்பிக் கொடுப்பவன் இன்னும் விறகுவெட்டியின் மகனாகவே இருக்கின்றான்.

தமிழ் மரபு இவ்வளவு குறுகியதன்று. கள்ளாமையை வள்ளுவர் துறவறவியலில் வைத்தார். அதே வள்ளுவர் கொடுங்கோன்மையைப் பேசுமிடத்து, குடிகளிடம் பொருள் கேட்டு நிற்கும் அரசனை ஆயுதந்தாங்கிய வழிப்பறிக்காரனுக்கு ஒப்பிட்டார். மணிமேகலையோ பசியைத் தீர்ப்பதையே தலையாய அறமாக்கியது. படநூல் எழுதுவோர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றிரண்டையும் பெரியோருக்கென ஒதுக்கியது வெறுந்தற்செயல் எனக் கொள்வதற்கில்லை.

அவ்வாறாயின் ஏழை களவாடலாமோ என்று கேட்பது வாதத்தைத் திசைதிருப்புவதாகும். நேர்மை ஏழைக்குப் புறத்திலிருந்து கற்பிக்கப்பட வேண்டிய பண்டமன்று. எழுத்தில் ஒப்பந்தமின்றி, பிணையாளியின்றி, பத்துப் பெண்கள் கூடிச் சீட்டுப் பிடிக்கின்றனர். முதற் சீட்டை எடுத்தவள் கடைசி மாதம் வரை தவறாது கட்டுகின்றாள். கடைக்காரரின் கடன் கொப்பி சம்பள நாள் வரை வாய்ச்சொல்லிலேயே ஓடுகின்றது. அண்டை வீட்டில் அரைச் சுண்டு அரிசி வாங்கியவள் அதே சுண்டால் அளந்து திருப்பிக் கொடுக்கின்றாள். இந்நேர்மைக்குப் பொற்கோடரி இல்லை; ஒருவரையொருவர் நம்பியே வாழ வேண்டியவர்களின் அறம் அது. இதனைச் சித்திரிக்கும் படநூல்கள் எத்தனை உள?

மலையகத்திலே இதனிலும் கூர்மையான பொருள் காத்திருக்கின்றது. பகல் முழுதும் பறித்த கொழுந்து நிறுவைக்கு வருகின்றது. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோக்கள் கழிக்கப்படுகின்றன. குறித்த நிறை எட்டாவிடில் அரைப்பேர் விழுகின்றது. தாயின் அருகே நிற்கும் சிறுமி தராசையும் பார்க்கின்றாள். கணக்கு எழுதும் கையையும் பார்க்கின்றாள். நேர்மை என்னும் சொல்லின் பொருளை அவள் கற்கும் இடம் அதுவே. அக்காட்சியைப் படநூலாக்க முனையும் ஓவியர், தராசின் முள்ளை எங்கே நிறுத்தி வரைவது என்பதை முதலிற் கொழுந்து மடுவத்திலே ஒரு மாலைப்பொழுது நின்று பார்க்க வேண்டியிருக்கும்.