தலையைத் திருப்பினால் போதும்

சிதம்பரம் ஆலயத்தில் ஓர் அபூர்வமான சௌகரியம் உண்டு. நின்ற இடத்தில் நின்றபடியே தலையைச் சற்றுத் திருப்பினால் போதும். நடராஜரையும் தரிசிக்கலாம், கோவிந்தராஜப் பெருமாளையும் தரிசிக்கலாம். இந்தப் பாக்கியம் தம் வீட்டு மேஜைக்கும் வாய்க்காதா என்று ஏங்கினார், கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் நமது நண்பர் ஒருவர்.

அவர் வீட்டில் மானிட்டரும் கீபோர்டும் ஒன்றே, கம்ப்யூட்டரோ இரண்டு. பகலில் ஆபீஸ் கொடுத்த லேப்டாப். மாலையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து ரயிலில் திரும்பும் புதல்வியின் லேப்டாப். தினம் இருமுறை கம்பிகளைப் பிடுங்கிச் செருகியதில் ஆபீஸ் லேப்டாப்பின் துவாரம் தளர்ந்துவிட்டது. அது பழுதானால் பதில் சொல்ல வேண்டியவர் அவரே அல்லவா? எனவே, ஒரு பொத்தானை அழுத்தியதும் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றையும் மற்றொரு கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரும் 'கே.வி.எம். சுவிட்சு' ஒன்றை, விலை மலிவைக் கண்டு வாங்கினார். வந்து சேர்ந்ததோ வி.ஜி.ஏ. துவாரமுள்ள பழைய ரகம். வீட்டிலிருந்த எதற்கும் அது பொருந்தவில்லை!

நேயர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: கடைக்குப் போவதற்கு முன் மேஜையின் பின்புறம் போங்கள். எந்தெந்தத் துவாரம் எத்தனை என்று காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். புது லேப்டாப்புகள் சிலவற்றில் டைப்-சி துவாரம் மட்டுமே இருக்கும். அவை எல்லாமே படத்தை வெளியே அனுப்பும் என்று நம்பிவிடக் கூடாது. 4கே மானிட்டராயின் எச்.டி.எம்.ஐ. 2.0 என்று கேட்டு வாங்க வேண்டும், 1.4 ரகம் விநாடிக்கு 30 படங்களோடு நின்றுவிடுவதால் மவுஸ் தடுக்கித் தடுக்கி நடக்கும். இ.டி.ஐ.டி. என்பது மானிட்டரின் அடையாளச் சீட்டு. அதைக் காத்து வைக்கும் வசதி சுவிட்சில் இல்லாவிடில், மாற்றும்போதெல்லாம் மானிட்டரே மறைந்ததாகக் கம்ப்யூட்டர் எண்ணி, திரையில் பரப்பி வைத்த வேலைகளை இடம் மாற்றிக் கலைத்துவிடக் கூடும்.

ஆபீஸ் இரகசியம் புதல்வியின் லேப்டாப்புக்குப் போய்விடுமோ என்றும் நண்பர் அஞ்சினார். கோப்புகளைத் தூக்கிச் செல்வது இந்தச் சுவிட்சின் வேலையன்று. ஆனால் அதில் பென்டிரைவைச் செருகினால் இரண்டுக்கும் அது பொதுச் சொத்தாகிவிடும், செருகாதிருப்பதே உத்தமம்.

இவ்வளவையும் கேட்ட பிறகே அவர் மானிட்டரின் முதுகைப் பார்த்தார். அங்கே எச்.டி.எம்.ஐ. துவாரங்கள் இரண்டு இருந்தன! படத்தை மாற்ற மானிட்டரின் சொந்தப் பொத்தானே போதும். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் மட்டும் ஒரு சிறிய யு.எஸ்.பி. சுவிட்சு வாங்கினார். இப்போது மஞ்சக்குப்பத்தில் யாரும் கம்பியைப் பிடுங்குவதில்லை. தலையைத் திருப்பவும் வேண்டாம்; விரலை அசைத்தால் போதும்.