தோல் சீட்டுக்குப் பாலிஷ், பேரனுக்குப் புகை

மாப்பிள்ளை வாங்கியிருப்பது பதினைந்து வயதான ஜெர்மன் சொகுசு கார். போன வாரம் அதில் கும்மிடிப்பூண்டி போனோம். தோல் சீட்டுக்குப் பாலிஷ், டேஷ்போர்டில் வாசனைக் குப்பி, எல்லாம் ஜோர். சிப்காட் பக்கம் திரும்பியதும் உள்ளே இரும்புப் புகை நாற்றம். பின்சீட்டில் பேரன் இருமினான்.

"ஏ.சி. காத்து கம்மியா வருதுன்னு மெக்கானிக் கேபின் ஃபில்டரைக் கழட்டிட்டார் மாமா. இப்ப சூப்பரா வருது."

அங்கேயே சண்டை போட்டேன். காற்று குறைந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அதாவது தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். மாற்ற வேண்டியதைக் கழற்றி எறிவதா? டிகாக்‌ஷன் இறங்கவில்லை என்று காபி ஃபில்டரின் ஓட்டைத் தட்டைப் பிடுங்கிவிட்டா காபி குடிக்கிறோம்?

இரும்பு உருக்கும் ஆலைகள் நிறைந்த இடம் அது. பெரிய தூசியை மூக்கே தடுத்துவிடும், 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவானதும் நுரையீரலின் அடிவரை போகும். அந்தத் துகள் 24 மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2009இலேயே அரசு விதித்துவிட்டது. சாதாரண ஃபில்டர் தூசியை மட்டும்தான் பிடிக்கும். நாற்றத்துக்குக் கரி சேர்த்ததாகக் கேட்டு வாங்க வேண்டும். கண்ணாடியை ஏற்றிவிட்டால் போதும் என்பவர்களே, ஏ.சி.க்கு வெளிக்காற்று வரும் வழி வேறு!

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். தூசிக்கு அங்கே 'பூசியேர்' என்பார்கள். சிப்காட் சாலையில் அது நிஜமாகவே முகத்தில் பூசிக்கொள்கிறது.

புது ஃபில்டர் வாங்கச் சொல்லிவிட்டேன். ஆலை வாசலில் நாள் முழுக்க நிற்கும் வாட்ச்மேனுக்கு எந்த ஃபில்டரும் கிடையாது. அந்தச் சண்டை அடுத்த வாரம்.