ரோடு உயர்ந்தது, குடிசை மூழ்கியது! நஷ்டஈடு கொடுப்பது யார்?

ரோடு வேண்டாம் என்று சின்னசேலம் வட்டாரத்தில் யாரும் சொல்லவில்லை. தெருவுக்குத் தெரு ரோடு வேண்டும், சாக்கடை வேண்டும் என்று மனுக் கொடுத்தும் மறியல் செய்தும் கேட்டவர்கள் நாம்தான். ஆனால், போட்ட ரோடே ஏழையின் வீட்டுக்குள் வெள்ளத்தைத் திருப்பிவிட்டால்? சாக்கடைக்குத் தோண்டிய குழி அவன் சுவரைச் சாய்த்துவிட்டால்? அந்த நஷ்டத்தை யார் ஏற்பது? இந்தக் கேள்விக்கு ஸ்தல ஸ்தாபனங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு கூலிக்காரக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கணவன் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறான். மனைவி மக்காச்சோளக் காட்டில் களை வெட்டுகிறாள். வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி மண்சுவர் எழுப்பி ஓடு போட்டார்கள். அன்று வாசற்படி தெருவைவிட ஒரு முழம் உயரம். பிறகு தெருவுக்குத் தார் ரோடு வந்தது. சில வருஷம் கழித்துப் பழைய ரோட்டின் மேலேயே இன்னொன்று. அதன் மேல் ஜல்லி கொட்டி சிமெண்ட் ரோடு. இப்போது தெரு மேலே, வாசற்படி கீழே. ஐப்பசி மழையில் தண்ணீர் எங்கே போகும்? பள்ளத்துக்குத்தான் போகும். பள்ளம் என்பது அந்தக் குடும்பம் படுத்துறங்கும் இடம். சுவரின் அடி ஊறுகிறது. ஒருநாள் இடிந்து விழுகிறது.

உடனே என்ன சொல்கிறார்கள்? "மழையால் வீடு இடிந்தது" என்று எழுதிக்கொள்கிறார்கள். மழை முன்பும் பெய்தது. அன்று இந்த வீடு இடியவில்லையே! ரோட்டை உயர்த்தியவரின் குற்றத்தை வானத்தின் தலையில் சுமத்தலாமா?

இங்கே ஒரு வித்தியாசத்தை நாம் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நிவாரணம் வேறு, நஷ்டஈடு வேறு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களைப் புரட்டிப் போட்டபோது, பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைதாரர்களுக்கு 2,000 ரூபாயும், சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாயும் அரசு அறிவித்தது. அது நிவாரணம். இயற்கை செய்த சேதத்திற்கு அரசு பார்த்துக் கொடுப்பது. ஆனால் ஸ்தல ஸ்தாபனத்தின் வேலையால் வந்த சேதத்திற்குக் கொடுக்க வேண்டியது நஷ்டஈடு. அது யாருடைய தயவும் அல்ல, நமது உரிமை. நஷ்டஈட்டை நிவாரணமாகச் சுருக்குவது ஏழையை ஏமாற்றும் வேலை.

ரோட்டை உயர்த்தாமல் போட வழியில்லையா? இருக்கிறது. பழைய தார் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில் புதிய ரோடு போடலாம். 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு இதையே உத்தரவாகப் போட்டார். ரோடு உயர்ந்தால் வீடுகளுக்குள் தண்ணீர் புகும் என்பது கோட்டைக்கே தெரிந்த விஷயம். பின் ஏன் சுரண்டுவதில்லை? சுரண்ட எந்திரம் வேண்டும், கூலி வேண்டும், நேரம் வேண்டும். அப்படியே மேலே போட்டுவிட்டால் காண்டிராக்டருக்கு லாபம். எஸ்டிமேட்டில் சுரண்டுவதற்கும் பணம் ஒதுக்கி, வேலை நடக்காமலே பில் பாஸானால் அந்தப் பணம் யார் பைக்குப் போகிறது? லாபம் ஒருவனுக்கு, நஷ்டம் இன்னொருவனுக்கு! இதுதான் முதலாளித்துவக் கணக்கு.

நஷ்டஈடு கேட்பது நடக்காத காரியம் என்று சிலர் சொல்லலாம். ஈழத் தமிழர் பெருந்திரளாக உழைத்து வாழும் கனடாவின் டொராண்டோ நகரைப் பாருங்கள். குளிர்காலத்தில் தெருவில் குவியும் பனியை மாநகராட்சி எந்திரம் வைத்துத் தள்ளுகிறது. அப்போது வீட்டோரப் புல்தரை பெயர்ந்துவிட்டால், குடியிருப்போர் தெரிவித்ததும் பனி உருகிய பிறகு மாநகராட்சியே செப்பனிட்டுத் தருகிறது. வேறு சேதத்திற்கு நஷ்டஈடு கேட்டு மனுச் செய்யவும் வழி இருக்கிறது. அதுவும் முதலாளித்துவ நாடுதான். கேட்டவருக்கெல்லாம் பணம் கிடைத்துவிடுவதும் இல்லை. ஆனால் புல் பெயர்ந்தாலே கேட்க அங்கே இடம் இருக்கிறது. நம் ஊரில் எந்திரம் சுவரையே இடித்தாலும், "அது ஆக்கிரமிப்பு" என்று வாயை அடைக்கிறார்கள். வீட்டுவரி வாங்கும்போது தெரியாத ஆக்கிரமிப்பு, நஷ்டஈடு கேட்கும்போது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது!

நமது நாட்டுச் சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. டில்லி சாந்தினி சௌக்கில் நகராட்சியின் மணிக்கூண்டு இடிந்து விழுந்து உயிர்கள் பலியாயின. அதற்கு நகராட்சியே நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று 1966ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்தியப் பிரதேசத்து ரத்லாம் நகரில் சாக்கடை வசதி கேட்டு மக்கள் போராடியபோது, "பணமில்லை" என்றது நகராட்சி. அந்தச் சாக்குச் செல்லாது என்று 1980ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர்; 1957ல் தோழர் இ.எம்.எஸ். தலைமையில் அமைந்த கேரள அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர். பொதுத்தொல்லையை அகற்ற உத்தரவிடும்படி கோட்டாட்சியரிடம் இன்றும் மனுக் கொடுக்கலாம். பழைய சட்டத்தின் 133வது பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 152வது பிரிவாக இருக்கிறது.

ஆனால் சட்டம் புத்தகத்தில் தூங்கும். அதைத் தட்டி எழுப்புவது மக்களின் ஒற்றுமை. எனவே சின்னசேலம் பேரூராட்சியும் வட்டாரத்துப் பஞ்சாயத்துக்களும் கீழ்க்கண்டவற்றைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்று கோருகிறோம்:

1. வேலை தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டின் வாசற்படி மட்டத்தையும், சுவரின் நிலையையும் குடியிருப்போர் முன்னிலையில் அளந்து எழுத வேண்டும்.

2. பழைய ரோட்டைச் சுரண்டாமல் புதிய ரோடு போடக் கூடாது.

3. சேத மனுக்களுக்குத் தனிப் பதிவேடு வைத்து, மனுவுக்கு ரசீது கொடுத்து, 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

4. சேதத்திற்கு ஈடு செய்யும்வரை காண்டிராக்டரின் கடைசி பில்லையும் டிபாசிட்டையும் விடுவிக்கக் கூடாது.

5. பட்டா இல்லை என்பதைக் காட்டி நஷ்டஈட்டை மறுக்கக் கூடாது.

இவற்றில் எதுவும் கஜானாவைக் காலி செய்யும் கோரிக்கை அல்ல. ஒழுங்காக வேலை செய்கிற காண்டிராக்டருக்கு இதனால் ஒரு பைசா நஷ்டமும் இல்லை.

தோழர்களே! தீர்மானம் வரும்வரை நாம் சும்மா இருக்கக் கூடாது. உங்கள் தெருவில் ஜல்லி லாரி வந்து நின்றதுமே, வீட்டையும் வாசலையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். எஸ்டிமேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். சுரண்டாமல் ரோடு போட வந்தால் தெருவே கூடி நின்று கேளுங்கள். சேதம் நேர்ந்தால் தனியாளாகப் போகாதீர்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் சேர்ந்து ஒரே மனுவாக எழுதி, கிராமமானால் கிராம சபையிலும், திங்கட்கிழமை கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளிலும் கொடுங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஆலைத் தொழிலாளர் சங்கமும் இதைத் தங்கள் கோரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். கூலி உயர்வுக்குப் போராடி வாங்கிய காசுதான் சுவராக நிற்கிறது. அந்தச் சுவரைக் காப்பதும் கூலிப் போராட்டத்தின் ஒரு பகுதியே.

ரோடு வரட்டும்; வரவேற்போம். ஆனால் அது நம் வீட்டு வாசலுக்கு வர வேண்டும், வீட்டின் மேல் ஏறக் கூடாது!