பாடியைப் பார்த்து மயங்காதீர்!

பழைய ஃபிலிம் எஸ்.எல்.ஆர் வாங்கக் கிளம்பும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: "எந்த பாடி நல்லது?" கேள்வியே தப்பு. கேட்க வேண்டியது இரண்டுதான். விரலுக்கு எட்டும் இடத்தில் என்ன இருக்கிறது? நாளைக்கு பாடி மாறினால் லென்ஸும் கூட வருமா?

முதலில் விரல். நிக்கான் எஃப்எம்2, பென்டாக்ஸ் கே1000 இரண்டிலும் ஷட்டர் ஸ்பீட் மேலே டயலில், அபர்ச்சர் லென்ஸ் வளையத்தில். எதைத் திருப்பினாலும் வ்யூஃபைண்டருக்குள் மீட்டர் உடனே பதில் சொல்லும். பேட்டரி செத்தால் மீட்டர் மட்டும்தான் போகும், படம் எடுக்கலாம்.

1976ல் வந்த கேனான் ஏஇ-1? பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டர் அடிக்கவே அடிக்காது. மேனுவலில் லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் மீட்டர் முள் அசையாது. அது சொல்லும் எண்ணைப் படித்து, கண்ணை எடுத்து, வளையத்தில் வைக்க வேண்டும். இதைத்தான் 'கத்துக்க ஏத்த கேமரா' என்று ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது!

அடுத்தது லென்ஸ். 1986ல் டி90 வாங்கியவர் கேனானின் அருமையான பாடியை வாங்கினார். மறு வருடமே இஓஎஸ் வந்தது, மவுண்ட் மாறியது. அவருடைய எஃப்டி லென்ஸ் எதுவும் அதில் நேராகப் பொருந்தாது. கண்ணாடி இல்லாத அடாப்டர் போட்டால் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது. ஆட்டோஃபோகஸுக்கு முழு எலக்ட்ரானிக் மவுண்ட் தேவைப்பட்டது என்பது நியாயமான காரணம்தான். ஆனால் பில் கட்டியது யார்? காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதன் பெயர் தெரியும்: ஸ்விட்சிங் காஸ்ட்.

"நிக்கான் 1959லிருந்து மவுண்டை மாற்றவில்லையே" என்று குதிப்பவர்களும் கொஞ்சம் நிற்கவும். 2000ல் வந்த எஃப்80ல் பழைய மேனுவல் லென்ஸ் மாட்டினால் மீட்டர் வேலை செய்யாது. அபர்ச்சர் வளையமே இல்லாத ஜி லென்ஸை எஃப்எம்2ல் மாட்டினால் மிகச் சிறிய அபர்ச்சரிலேயே நின்றுவிடும். வாய் பொருந்தினால் போதுமா, பேச்சும் புரிய வேண்டாமா?

வழி இருக்கிறது. வளையம் உள்ள ஏஎஃப்-டி வகை 50எம்எம் லென்ஸ் ஒன்று போதும். எஃப்எம்2ல் கையால் ஃபோகஸ் செய்யலாம், மீட்டரும் ஓடும். பிறகு எஃப்80க்கோ எஃப்100க்கோ போனால் அதே லென்ஸ் ஆட்டோஃபோகஸில் ஓடும்.

இன்று கைக்குக் கிடைக்கும் பாடிகளில் பல நாற்பது வயதைத் தாண்டியவை. என்றாவது ஒருநாள் படுத்துவிடும். அன்றைக்கு 'அப்கிரேட்' என்பது ஆசையாக இருக்காது, வேறு வழி இல்லாமல்தான் நடக்கும். மாணவர் பாக்கெட்டில் இருக்கும் பணம் ஒரு தடவைக்குத்தான். அது லென்ஸுக்குப் போகட்டும். பாடி வரும், போகும்.