இரண்டு இரண்டாக எட்டு: பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகை



ஒருவருக்குச் சமைப்பதற்கு உதவிக் கருவி தேவைப்படுகிறது. அதற்கு இரண்டு புள்ளிகள். குளிக்கையில் இடுப்புக்குக் கீழே கழுவிக்கொள்ள இன்னொருவரின் கை வேண்டும். இரண்டு புள்ளிகள். கீழாடை அணிந்துகொள்ளவும் அந்தக் கையே வேண்டும். இரண்டு. கழிவறையில் சுவரில் பொருத்திய பிடியின்றி எழ முடியாது. இரண்டு. ஆக எட்டு. பிரிட்டனில் ‘பர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமெண்ட்’, சுருக்கமாகப் ‘பிஐபி’ என அழைக்கப்படும் உதவித்தொகையின் அன்றாட வாழ்வுப் பிரிவுக்கு ஒரு மனிதர் தகுதி பெறுவது இவ்வாறுதான். எட்டுப் புள்ளிகள் பெற்றவருக்கு 2025-26ஆம் நிதியாண்டில் வாரத்துக்கு 73.90 பவுண்டு, பன்னிரண்டு பெற்றவருக்கு 110.40 பவுண்டு.

2025 மார்ச் 18 அன்று பிரிட்டனின் தொழிற்கட்சி அரசு ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டது. அன்றைய வேலை மற்றும் ஓய்வூதியத் துறை அமைச்சர் லிஸ் கெண்டல் நாடாளுமன்றத்தில் அதனை முன்வைத்தார். அதன்படி எட்டுப் புள்ளிகள் மட்டும் போதாது. ஏதேனும் ஒரே செயலில் நான்கு புள்ளிகளாவது பெற்றிருக்க வேண்டும். மேலே நாம் சொன்னவரின் இயலாமையில் அணுவளவும் மாற்றமில்லை. ஆனால் இரண்டு இரண்டாகச் சேர்ந்த அவருடைய எட்டு, ஒரே இரவில் பூஜ்ஜியமாகிவிடும். உடலின் மேற்பகுதியைக் கழுவ உதவி தேவைப்பட்டால் நான்கு புள்ளிகள், கீழ்ப்பகுதிக்கு இரண்டே என்பது அந்நாட்டு விதி. பக்கவாதம் கண்ட தந்தைக்கு இஸ்தின்ஜா செய்துவிட்டு, உளூவுக்கும் நீர் ஊற்றிக்கொடுத்த பிள்ளைகள் நம் சமுதாயத்தில் எத்தனையோ பேர். இடுப்புக்குக் கீழே கழுவிவிடுவது பாதிப் பாரம் என்று அவர்களில் எவராவது ஒப்புவாரா?

இந்த நிதி எதற்காக வழங்கப்படுகிறது என்பதைப் பலரும் தவறாகவே விளங்கியிருக்கிறார்கள். இது வேலையற்றோருக்கான தொகை அன்று. வருமானத்தைப் பார்த்து வழங்கப்படுவதும் அன்று. ஊனத்தோடு வாழ்வதால் ஏற்படும் கூடுதல் செலவை ஈடுசெய்யவே வழங்கப்படுகிறது. பேருந்தில் ஏற இயலாதவர் டாக்சிக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. உடலின் வெப்பத்தைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாதோர் வீட்டை நாள் முழுதும் சூடாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது. சக்கர நாற்காலிக்கும் சுவாசக் கருவிக்கும் மின்சாரம் வேண்டும். பணிக்குச் செல்வோரும் இதைப் பெறுகிறார்கள். பலர் பணிக்குச் செல்ல முடிவதே இதனால்தான். அதைப் பறித்துவிட்டு, ‘மக்களை வேலைக்கு அனுப்பப் போகிறோம்’ என்று அறிவிப்பது, ஊன்றுகோலை உருவிக்கொண்டு ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. நோயாளியைக் கவனிப்பதற்காக வாரத்தில் குறைந்தது 35 மணி நேரம் செலவிடும் தாய், மனைவி, மகன் ஆகியோருக்குப் பராமரிப்பாளர் தொகையாக 2025-26ஆம் நிதியாண்டில் வாரம் 83.30 பவுண்டு கிடைத்தது. அவர்கள் கவனிக்கும் மனிதருக்கு அன்றாட வாழ்வுப் பிரிவு நின்றுபோனால் பராமரிப்பாளரின் தொகையும் நின்றுபோகும். ஒரே கடிதத்தால் ஒரே வீட்டில் இரண்டு வருமானங்கள் அற்றுப்போகும். இந்தத் தொகையை 35 மணிக்கு வகுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டரைப் பவுண்டும் தேறாது. அரசு இதைவிட மலிவான பணியாளரை எங்கே தேடிக் கண்டுபிடிக்கும் என்பது நமக்குப் புரியவில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையோடு பார்ப்போம். பெருந்தொற்றுக்குப் பின் விண்ணப்பங்கள் வெகுவாகப் பெருகின. மனநலக் காரணங்களால் விண்ணப்பிக்கும் இளைஞர்களும் பெருகினர். செலவு ஆண்டுதோறும் ஏறுகிறது. இவை உண்மை. ஆயினும் ஏன் ஏறுகிறது என்ற கேள்வியை அங்கே பலரும் கேட்பதில்லை. பெண்களின் அரசு ஓய்வூதிய வயது 2010இல் 60ஆக இருந்தது. 2020 அக்டோபரில் இருபாலருக்கும் 66 ஆயிற்று. முன்பு ஓய்வூதியம் பெற்று வீட்டிலிருந்திருக்க வேண்டிய அறுபத்து நான்கு வயதுப் பெண்மணி, மூட்டு தேய்ந்த நிலையில், இப்போது ‘உழைக்கும் வயதுடைய மாற்றுத்திறனாளி’ எனக் கணக்கில் சேர்கிறார். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் 2025இல் எழுபது லட்சத்தையும் தாண்டி நின்றது. அறுவை சிகிச்சைக்கு ஓராண்டு காக்கவைத்துவிட்டு, ‘ஏன் இன்னும் நடக்கவில்லை?’ என்று கேட்பது எந்த ஊர் நீதி?

ஏமாற்றுப் பேர்வழிகள் என்ற குற்றச்சாட்டோ இன்னும் மலிவானது. பிஐபியில் மோசடியால் இழக்கப்படும் தொகை நூற்றுக்கு ஒரு பங்கைக்கூட எட்டவில்லை என்று சொல்வது அந்த அரசுத் துறையின் சொந்தப் புள்ளிவிவரமே. மறுபக்கத்தையும் பாருங்கள்: தகுதியில்லை என மறுக்கப்பட்டு, தீர்ப்பாயத்தின் விசாரணை வரை செல்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெற்றி பெறுகிறார்கள். தவறு எந்தப் பக்கம் அதிகம் நிகழ்கிறது என்பதை அறிய இதற்கு மேல் ஆய்வு வேண்டியதில்லை.

‘இலவசக் கார்’ கதையும் இவ்வாறே பரப்பப்பட்டது. மோட்டபிலிட்டி திட்டத்தில் எவருக்கும் கார் தானமாகக் கிடைப்பதில்லை. நடமாட்டப் பிரிவில் உயர்ந்த அளவைப் (2025-26ஆம் நிதியாண்டில் வாரம் 77.05 பவுண்டு) பெறுபவர், அந்தத் தொகையை விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாக வாகனத்தைக் குத்தகைக்கு எடுக்கிறார். விலை கூடிய வாகனமெனில் முன்பணத்தைத் தம் கையிலிருந்தே செலுத்துகிறார். நாளேடுகளின் கூச்சலுக்குப் பின் 2025 நவம்பரில் பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் போன்ற கார்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அதனால் ஏழைகள் எவருக்கும் ஒரு பவுண்டும் கூடுதலாகக் கிடைத்ததாக நாம் அறியோம்.

இந்தக் கதை புதிதும் அன்று. முந்தைய உதவித்தொகையை அகற்றிவிட்டு 2013இல் பிஐபியைக் கொண்டுவந்ததே செலவைக் குறைக்கத்தான். அதனைக் கொண்டுவந்த கன்சர்வேடிவ் அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித், 2016இல் மேலும் வெட்ட நிதியமைச்சர் முனைந்தபோது, வசதி படைத்தோருக்கு வரிச்சலுகை தரும் அதே பட்ஜெட்டில் இதனை நியாயப்படுத்த முடியாது என்று கூறிப் பதவி விலகினார். அவர் விலகிய நாள் மார்ச் 18. சரியாக ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே நாளில், உழைப்பாளர் பெயரைச் சூடிய கட்சி அதே வேலையைக் கையிலெடுத்தது. ஆண்டுக்கு ஐந்நூறு கோடி பவுண்டு மிச்சமாகும் என்றார்கள். சில நாள்களில் அரசே வெளியிட்ட மதிப்பீடு, இதனால் இரண்டரை லட்சம் பேர் கூடுதலாக வறுமையில் விழுவர் என்றது. அவர்களில் ஐம்பதாயிரம் பேர் குழந்தைகள். வேலைவாய்ப்புத் திட்டங்களின் பலன் அதில் சேர்க்கப்படவில்லை என்று அமைச்சர்கள் விளக்கம் தந்தார்கள். கிடைக்காத வேலையின் பலனை எவர்தான் கணக்கில் சேர்ப்பார்?

ஆளுங்கட்சி உறுப்பினர்கள் நூற்றிருபதுக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். கொறடாக்களில் ஒருவரான விக்கி ஃபாக்ஸ்கிராஃப்ட் பதவியைத் துறந்தார். ஜூலை 1 அன்று மசோதா விவாதத்தில் இருந்தபோதே, வாக்கெடுப்புக்குச் சற்று நேரம் முன்பு, நான்கு புள்ளி விதி அடங்கிய பிரிவை நீக்குவதாக அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் அவையில் அறிவித்தார். தமிழ்க் கடைகள் நிறைந்த ஈஸ்ட் ஹாம் தொகுதியின் உறுப்பினர் அவர். அதன் பின்னும் ஆளுங்கட்சியினர் 49 பேர் எதிர்த்து வாக்களித்தனர். மசோதா 335க்கு 260 என்ற கணக்கில் நிறைவேறியது.

வெற்றி கிட்டிவிட்டதென்று பலர் கலைந்துபோனார்கள். ஆனால் மசோதாவின் மற்றப் பாதி சட்டமாகிவிட்டது. வேலை செய்ய இயலாத நோயாளிகளுக்கு யுனிவர்சல் கிரெடிட்டில் வழங்கப்படும் உடல்நலத் தொகை வாரத்துக்குச் சுமார் 97 பவுண்டாக இருந்தது. 2026 ஏப்ரல் முதல் புதிதாகத் தகுதி பெறுவோருக்கு அது ஏறத்தாழப் பாதி, சுமார் 50 பவுண்டு மட்டுமே. மரணத் தறுவாயில் இருப்போருக்கும், வாழ்நாள் முழுதும் நீடிக்கும் கடும் நோயுடையோருக்கும் விலக்கு உண்டு. பொதுவான அடிப்படைத் தொகையும் சற்றே உயர்த்தப்படுகிறது. ஆயினும் விளைவைச் சிந்தியுங்கள். ஒரே நோய், ஒரே வேதனை, ஒரே தெரு. முன்னரே தகுதி பெற்றவருக்கு ஒரு விலை, பின்னர் நோயுற்றவருக்கு அதில் பாதி. பிந்தி நோயுற்றது அவர் செய்த குற்றமா?

‘இது வெள்ளைக்காரர்களின் வரிப்பண விவகாரம், நமக்கென்ன?’ என்று கேட்கும் சகோதரர்களும் உள்ளனர். அங்கே வாழும் நம் உறவுகளும் வரி செலுத்துகிறார்கள், அவர்களுக்கும் ஊனமுற்ற பிள்ளைகள் பிறக்கிறார்கள் என்பது ஒருபுறமிருக்க, இக்கேள்வி மார்க்கத்துக்கே அந்நியமானது. கேட்பவருக்கும் கேட்க வாயற்றவருக்கும் செல்வர்களின் பொருளில் பங்குண்டு என்று அல்குர்ஆன் (51:19, 70:24-25) அறிவிக்கும்போது அதற்குப் பயன்படுத்தும் சொல் ‘ஹக்’. உரிமை என்பதே அதன் பொருள். உரிமையுடையவரைப் பிச்சை கேட்பவராக நிறுத்தி விசாரிப்பதற்கு எவருக்கும் அதிகாரமில்லை.

இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) தமது ‘கிதாபுல் கராஜ்’ நூலில் ஒரு நிகழ்வைப் பதிவுசெய்துள்ளார். வாசலில் யாசித்துக்கொண்டிருந்த பார்வையிழந்த முதியவர் ஒருவரை கலீஃபா உமர் (ரலி) கண்டார். விசாரித்தபோது அவர் யூதர் என்றும், ஜிஸ்யா வரியும் வறுமையும் முதுமையும் அவரை அந்நிலைக்குத் தள்ளின என்றும் தெரிந்தது. அவரைக் கைப்பிடித்துத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்ற உமர் (ரலி), உடனே இயன்றதைக் கொடுத்தார்கள். பின்னர் பைத்துல்மாலின் பொறுப்பாளரை அழைத்து, இவருக்கும் இவரைப் போன்றோருக்கும் வழிசெய்யுமாறு பணித்து, வரியையும் நீக்கினார்கள். இளமையில் அவரிடமிருந்து பெற்றுக்கொண்டு முதுமையில் கைவிடுவது அநீதி என்பதே அவர்கள் சொன்ன காரணம். கலீஃபா தம் பையிலிருந்து கொடுத்ததோடு விஷயம் முடிந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அரசுக் கருவூலத்தில் அவருக்கு இடம் வகுக்கப்பட்டது. உமய்யாக் கலீஃபா வலீத் (ஆட்சி 705-715), பார்வையற்ற ஒவ்வொருவருக்கும் வழிகாட்டி ஒருவரையும், நடக்க இயலாதோருக்குப் பணியாளரையும் நியமித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவருடைய மற்றச் செயல்களைப் பற்றி நமக்கு வேறு கருத்துண்டு. இச்செயலைப் பற்றி இல்லை.

ஆகவே ‘அரசு நிறுத்தினால் என்ன, ஸகாத் இருக்கிறதே’ என்ற ஆறுதலையும் நாம் ஏற்பதற்கில்லை. நம் ஜமாஅத்துகளின் ஸகாத் நிதி ரமளானில் திரண்டு ஷவ்வாலில் தீர்ந்துபோகும் நிதி. வாரம் தவறாமல், ஆயுள் முழுதும், கேட்காமலேயே ஒருவரின் வீட்டுக்குச் சென்று சேரும் ஏற்பாடு அதில் இன்னும் உருவாகவில்லை. அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் சிறப்பைப் பற்றி பயான் செய்யும் நம் பள்ளிவாசல்களில் எத்தனை பள்ளிகளுக்குச் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் இருக்கிறது?

டிம்ஸ் தலைமையில் பிஐபி மதிப்பீட்டு முறையின் மறுஆய்வு நடைபெறுகிறது; 2026 இலையுதிர்காலத்துக்குள் அது முடியுமென்று அரசு கூறியுள்ளது. நான்கு புள்ளி விதி மசோதாவிலிருந்துதான் நீக்கப்பட்டது. வேறு பெயரில் அது மீண்டும் வரலாம். தத்தம் தொகுதி உறுப்பினருக்கு எழுதுவதும், அவர் எப்படி வாக்களித்தார் என்று கேட்பதும் அங்குள்ள நம் குடும்பங்களுக்கு இயன்ற காரியம்.

அதைவிட அவசரமானது ஒன்றுண்டு. நம்மவர்களிடம் ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று மதிப்பீட்டாளர் கேட்டால், ‘அல்ஹம்துலில்லாஹ், நன்றாக இருக்கிறேன்’ என்றே வாய் சொல்கிறது. குளிக்க முடிகிறதா என்றால், ‘சமாளித்துக்கொள்வேன்’. மகளின் உதவி இருப்பதை அந்நியரிடம் சொல்வது கண்ணியக் குறைவாகப்படுகிறது. ஸப்ரு அல்லாஹ்விடம் காட்ட வேண்டியது; அரசின் படிவத்தில் உண்மையை எழுத வேண்டும். ஒரு செயலை ஆபத்தின்றியும், ஏற்கத்தக்க விதத்திலும், தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்பவும், நியாயமான நேரத்துக்குள்ளும் செய்ய இயலாவிட்டால், அதைச் செய்ய இயலாதவராகவே கருத வேண்டும் என்பது அவர்களுடைய சட்டமே கூறும் அளவுகோல். ஒருமுறை படியேறி, பிறகு அரை மணி நேரம் மூச்சுவாங்க அமர்ந்திருப்பவர் ‘ஏறுவேன்’ என்று எழுதத் தேவையில்லை. மறுப்புக் கடிதம் வந்தால், அதிலுள்ள தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கோர வேண்டும். அதுவும் மறுக்கப்பட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஆங்கிலப் படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர்கள் நம் ஒவ்வொரு ஜமாஅத்திலும் இருக்கிறார்கள். ஜும்ஆவுக்குப் பின் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போட்டு அமர, நிர்வாகிகள் அனுமதித்தால் போதும்.