எட்டு போடத் தெரியுது, நெஞ்சை அமுக்கத் தெரியுதா?

"கடவுள் காப்பாத்திட்டார்"னு சொல்றவங்களோட எனக்கு ஒரு சண்டை இருக்கு மக்களே. "விதி முடிஞ்சிருச்சு"ன்னு சொல்றவங்களோட அதைவிடப் பெரிய சண்டை இருக்கு. ரெண்டு கோஷ்டியும் சேர்ந்து, நடுவுல இருக்கிற நாலு நிமிஷத்தை அப்படியே அமுக்கிடறாங்க.

2021 ஜூன் 12, கோபன்ஹேகன். யூரோ கால்பந்துப் போட்டியில டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடிக்கிட்டிருந்தாங்க. முதல் பாதி முடியப்போற நேரம். கிறிஸ்டியன் எரிக்சன், வயசு 29, யாரும் மோதாமலே சரிஞ்சு விழுந்தார். இதயம் நின்னுபோச்சு. நடுவர் ஆண்டனி டெய்லர் உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவக் குழுவை உள்ளே கூப்பிட்டார். கேப்டன் சைமன் கியேர் ஓடி வந்து எரிக்சன் பக்கத்துல உட்கார்ந்தார். டாக்டர்கள் நெஞ்சை அமுக்க ஆரம்பிச்சாங்க. ஒரே ஒரு ஷாக். மைதானத்தை விட்டு வெளியே கொண்டு போகும்போதே நினைவு திரும்பிடுச்சு. அதே எரிக்சன் 2024 யூரோ போட்டியில டென்மார்க்குக்காக கோலும் போட்டார்.

உடனே ஒரு கேள்வி வரும். "அங்க ஸ்டேடியத்துல டாக்டர் இருந்தாங்கப்பா. நம்ம சின்னமனூர் மார்க்கெட்ல யார் இருக்கா?"

நியாயமான கேள்வி. அதனால ஸ்டேடியத்தை விட்டுட்டு டென்மார்க் தெருவுக்கு வாங்க. 2001ல் அந்த நாட்டுல ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்னுபோனவங்கள்ல, பக்கத்துல இருந்த சாதாரண ஜனங்க நெஞ்சை அமுக்கி சிபிஆர் கொடுத்தது 100க்கு 21 பேருக்குத்தான். 2005ல் பள்ளிக்கூடத்துல அதைக் கட்டாயப் பாடம் ஆக்கினாங்க. 2006ல் டிரைவிங் லைசென்ஸ் வேணும்னா முதலுதவிப் பயிற்சி முடிச்சிருக்கணும்னு சொன்னாங்க. 2010ல் அந்த 21, 45 ஆச்சு. 30 நாள் தாண்டி உயிரோட இருந்தவங்க 3.5 சதவீதத்துல இருந்து 10.8 சதவீதம் ஆனாங்க. ஆம்புலன்ஸும் ஆஸ்பத்திரியும் முன்னேறினதும் சேர்ந்ததுதான், இல்லைங்கல. ஆனா முதல் கை, தெருவுல நின்னவன் கை.

பத்துல ஒருத்தர்தானேன்னு உதட்டைப் பிதுக்காதீங்க. அந்த ஒருத்தர் உங்க வீட்டு ஆளா இருந்தா அது நூறு சதவீதம்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். இங்க ரெண்டு வேற வேற வியாதியை ஒரே பேர்ல கூப்பிடறோம். "அட்டாக்!" தோட்டத்துல கிணத்து மோட்டார் வச்சிருக்கிறவங்களுக்கு இது ஈஸியா புரியும். பைப்புல அடைப்பு வந்து தண்ணி சரியா வரலைன்னா அது மாரடைப்பு. மோட்டார் ஓடிக்கிட்டுதான் இருக்கும், ஆளும் பெரும்பாலும் பேசிக்கிட்டுதான் இருப்பார். கரண்ட் கோளாறாகி மோட்டாரே நின்னுபோச்சுன்னா அது கார்டியாக் அரெஸ்ட். ஆள் அந்த நொடியே விழுந்துடுவார். முதலாவது சில சமயம் ரெண்டாவதுல கொண்டு போய் விடும்.

முதலாவதுக்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடறது சரி. ரெண்டாவதுக்கு அந்த ஓட்டமே ஆபத்து. மூளைக்கு ரத்தம் போகலைன்னா நாலுல இருந்து ஆறு நிமிஷத்துலயே சேதம் ஆரம்பிச்சிடும். எதுவும் செய்யாம விட்டா ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7ல் இருந்து 10 சதவீதம் குறையும். கம்பத்துல இருந்து தேனி சுமார் 40 கிலோமீட்டர். மெடிக்கல் காலேஜ் அதையும் தாண்டி க.விலக்குல. கணக்கு போட பொறியியல் பட்டம் எல்லாம் வேண்டாம் :-)

எங்க சொந்தத்துல ஒரு மாமா, 51 வயசு, உத்தமபாளையம் பக்கம் ஒரு கல்யாணப் பந்தியில சரிஞ்சார். நான் அப்ப பெங்களூர்ல. அம்மா போன்ல சொன்னாங்க. கை கால் இழுத்திருக்கு, வலிப்புன்னு சொல்லி சாவிக்கொத்தைக் கையில திணிச்சிருக்காங்க. ஒருத்தர் மூஞ்சில தண்ணி அடிச்சிருக்கார். விட்டு விட்டு பெருமூச்சு வந்திருக்கு, "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு"ன்னு சந்தோஷப்பட்டிருக்காங்க. அப்புறம் நாலு பேர் தூக்கி கார் பின் சீட்டுல உட்கார வச்சு, ஹாரன் அடிச்சுக்கிட்டே போயிருக்காங்க. ஆஸ்பத்திரி வாசல்ல உதட்டைப் பிதுக்கிட்டாங்க.

மண்டபத்துல இருந்தது முன்னூறு பேர். அவர் மேல பாசம் இல்லாத ஆள் ஒருத்தர் கிடையாது. அவர் நெஞ்சுல கை வச்ச ஆளும் ஒருத்தர் கிடையாது.

இதயம் நின்ன உடனே கொஞ்ச நேரம் வலிப்பு மாதிரி இழுக்கலாம். கரையில போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடலாம். அது மூச்சு இல்லைங்க. இந்த ஒரு வரி தெரியாததால எத்தனை வீட்டுல எழவு விழுந்திருக்கும்னு நினைச்சா வயிறு எரியுது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தோளைத் தட்டிக் கூப்பிடுங்க. பதில் இல்லை, ஒழுங்கான மூச்சும் இல்லைன்னா 108க்கு அடிச்சு ஸ்பீக்கர்ல போடுங்க. ஆளைத் தரையில மல்லாக்கப் படுக்க வச்சு, நெஞ்சு நடுவுல ஒரு உள்ளங்கையின் அடிப்பக்கத்தை வச்சு, மேல இன்னொரு கையைக் கோர்த்து, அஞ்சு சென்டிமீட்டர் கீழே போற அளவுக்கு அமுக்கி அமுக்கி விடுங்க. நிமிஷத்துக்கு 100ல் இருந்து 120 தடவை. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாத்திக்கோங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது.

"எலும்பு உடைஞ்சிட்டா?" உடையலாம். உடைஞ்ச விலா எலும்பு கூடிடும்.

"போலீஸ் கேஸ் ஆயிட்டா?" ஒருத்தர் நல்லதுக்காக, சம்மதம் கேட்க முடியாத நிலையில, நல்லெண்ணத்தோட செய்யற காரியம் குற்றம் ஆகாதுன்னு பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 92ஆவது பிரிவு இருந்தது. இப்ப பாரதிய நியாய சம்ஹிதாவுல அது 30ஆவது பிரிவு. பயம் மட்டும்தான் நம்ம சொந்தச் சரக்கு.

"பொம்பளை ஆள் மேல எப்படிங்க கை வைக்கிறது?" இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வரும். கம்பம், கூடலூர், போடின்னு இந்தப் பள்ளத்தாக்குல இருந்து விடியறதுக்குள்ள ஜீப் ஜீப்பா பொம்பளைங்கதான் ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏறறாங்க. எங்கம்மா பதினஞ்சு வருஷம் அந்த ஜீப்புல போனவங்க, இன்னமும் போறவங்க. போடிமெட்டு வளைவுல அவங்க சரிஞ்சா, பெங்களூர்ல இருக்கிற நான் ஒரு மண்ணும் செய்ய முடியாது. பக்கத்து சீட்டு அக்காவும் ஜீப் டிரைவர் அண்ணனும்தான் கதி. அவங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?

டிரைவிங் ஸ்கூல் பாடத்திட்டத்துல முதலுதவி இருக்கு, மத்திய மோட்டார் வாகன விதியிலயே இருக்கு. காகிதத்துல! டெஸ்டுல எட்டு போடச் சொன்னாங்க, போட்டோம். ஒரு பொம்மையைக் காட்டி "அமுக்குடா தம்பி"ன்னு யாராவது சொன்னாங்களா?

சபரிமலை சீசன்ல பம்பைக்கும் சன்னிதானத்துக்கும் நடுவுல கேரள சுகாதாரத் துறை அவசர சிகிச்சை மையங்கள் போடுது, ஷாக் கொடுக்கிற மெஷினோட. தமிழ்நாட்டு சாமிகள் எத்தனையோ பேர் தேனி, கம்பம், குமுளி வழியாத்தானே போறாங்க? நம்ம பஸ் ஸ்டாண்டுல அப்படி ஒரு மெஷினை நான் பார்த்ததில்லை. மலை ஏறும்போதுதான் நெஞ்சு நிக்கணும்னு ஏதாவது சட்டம் இருக்கா?

மெஷின் மெதுவா வரட்டும், அதுக்குக் காசு வேணும். கைக்கு என்ன செலவு? எட்டு போடற கிரவுண்டுலயே பத்து நிமிஷம் பொம்மையை அமுக்கிக் காட்டினாத்தான் லைசென்ஸ்னு சொல்லுங்க. ஜீப் டிரைவர்ல இருந்து ஆரம்பிங்க. வீரபாண்டித் திருவிழாவுக்குப் பந்தல் போடற கமிட்டிக்காரங்க, கல்யாண மண்டபம் வச்சிருக்கிறவங்க, ஆளுக்கு ரெண்டு பேரைப் பயிற்சிக்கு அனுப்புங்க. நான் அடுத்த லீவுல வரும்போது எங்கம்மா போற ஜீப் ஆளுங்களை ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார வைக்கப் போறேன். டீ, வடை என் செலவு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். இதைப் படிச்சதோட நிறுத்திக்காம, முறையா சொல்லித் தர்றவங்ககிட்ட போய் ஒருதடவை கையால செஞ்சு பார்த்துக்கோங்க.